சதாசிவம் போன வீடுகள்

குமுதாவின் கணவர் ஜெயபாலனுக்குத் தலசீமியா என்னும் ரத்த நோய். சின்ன வயதிலிருந்தே ஈப்போ ஆஸ்பத்திரியில் மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொண்டுதான் நடமாடினார்.

பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் அவர்களுக்கு அடுத்த வீடு சதாசிவம். வீடு வீடாகச் சத்து மாத்திரை விற்பவர். ஒருநாள் ஒரு டப்பாவை ஜெயபாலனிடம் நீட்டினார்.

"வைட்டமின் சி, நல்ல பவரு மச்சான். ஒடம்புல உள்ள கழிவெல்லாம் வழிச்சு எடுத்துரும்லா."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேக்கவாண்ணே?" என்றாள் குமுதா.

"ஆரஞ்சுப்பழச் சத்துக்கு டாக்டர் எதுக்கு?"

ஜெயபாலன் வேளை தவறாமல் விழுங்கினார். சில மாதங்களில் கால் வீங்கியது, மூச்சு முட்டியது. வார்டில் சேர்த்தும் இதயம் நின்றுவிட்டது.

குமுதா காட்டிய மாத்திரை டப்பாவைப் பார்த்துவிட்டு, டாக்டர் லக்ஷ்மிப்ரியா அவளை உட்காரவைத்துச் சொன்னார். "ஏத்துன ரத்தத்துல வர்ற இரும்பு இதயத்துல தங்கிரும்மா. சாதாரண ஒடம்புக்கு வைட்டமின் சி காவல்தான். இவ்வளவு இரும்போட சேந்தா, அதே வைட்டமின் இரும்பத் தூண்டிவிட்டு, உள்ளயே அரிக்கிற ஒரு வித ஆக்சிஜன உண்டாக்கும். அதுதான் கொன்னுச்சுன்னு சொல்ல முடியாது. சாவச் சீக்கிரமாக்கியிருக்கும்."

கடைசி வார்த்தை மட்டும்தான் குமுதாவின் மனதில் தங்கியது.

பதினாறாம் நாள் சாப்பாட்டில் சதாசிவத்துக்கு அவளே முகம் கோணாமல் பரிமாறினாள். மறுநாள் அவர் மோட்டார் சைக்கிளை எடுத்ததும் அவளும் எடுத்தாள். சிம்பாங் பூலாயில் அவர் எந்த வீட்டை விட்டு வெளியே வந்தாலும், அந்த வீட்டுக்குள் இவள் நுழைந்தாள்.

"ரத்தம் ஏத்துறவங்க இருக்காங்களா? இதத் தொடாதீங்க. என் வீட்டுக்காரர் போயிட்டாரு."

தஞ்சோங் ரம்புத்தானில் ஒரு தாய், ரத்தம் ஏற்றிக்கொள்ளும் மகளுக்கு வாங்கிய மாத்திரைகளைக் குப்பையில் கொட்டிவிட்டுக் குமுதாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். குமுதாவின் கண்ணோ வாசலில் வெளிறிப்போய் நின்ற சதாசிவத்தின் மேலேயே இருந்தது.

வியாபாரம் படுத்தது. ஒருநாள் அவர் வந்து வாசலில் நின்றார்.

"தெரிஞ்சா செஞ்சேன் தங்கச்சி? மன்னிச்சிரு."

"டாக்டர்கிட்ட கேக்கவான்னு கேட்டேன்லண்ணே." கதவைச் சாத்தினாள்.

அவர் பாரிட் புந்தாருக்குக் குடிபோய் வடைக்கடை போட்டார். விஷயம் காதுக்கு எட்டியதும் குமுதா பஸ் பிடித்துப் போனாள். கடைக்கு எதிரில் நின்று சத்தமாகச் சொன்னாள்: "இவர்கிட்ட வாங்கித் தின்னாதீங்க."

பொட்டலத்தைக் கையில் வைத்திருந்த பெண் திரும்பினாள். "ஏங்க்கா, வடையில என்ன?"

குமுதா சொன்னதையே இன்னும் சத்தமாகச் சொன்னாள். சதாசிவம் தலையைத் தூக்கவில்லை. கொதிக்கிற எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு நடந்தாள். குமுதாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த வாரமும் பஸ் ஏறினாள்.