தூக்கு வேண்டுமா என்று கேட்ட மேடைகள்

பட்டிமன்ற நடுவர் வேலை கலியாணத் தரகு மாதிரி: இரண்டு பக்கமும் கோபிக்காமல் வீட்டுக்கு அனுப்பவேண்டும். கிழமை நாட்களில் பஸ் ஓட்டுகிறேன்; வார இறுதியில் டென்மார்க் தமிழ் விழாக்களில் நடுவர். மேடையில் நேரம் முடிந்ததென்று மணி அடித்து அவதிப்பட்டவர்களுக்கு என் பாடு விளங்கும். ஊரில், இலங்கையில், தீர்ப்போடு மட்டும் நின்று பல வருடமாக நிறைவேற்றாத தூக்கைத் திரும்பக் கொண்டுவரப் போகிறார்கள் என்று கதை அடிபட்டதால், போன இடமெல்லாம் ஒரே தலைப்பு: அரசு மரண தண்டனையை ஒழிக்கவேண்டுமா, வைத்திருக்கவேண்டுமா?

டோஸ்ட்ருப்பில் ஆள் பிடித்தது

இங்கே பிறந்த பிள்ளைகள் எல்லாரும் 'ஒழிக்கவேண்டும்' அணிக்கே ஓடிவிட்டார்கள். எதிர்ப்பக்கம் பேச ஜெயம் அண்ணையைக் கெஞ்சிப் பிடித்தோம். மனிதர் மேசையில் அடித்து அடித்து, இரக்கமே கூடாது என்று முழங்கினார். பிறகு தேத்தண்ணீரோடு வந்து என் காதுக்குள் சொன்னார்: "கத்தினது சரி தம்பி. ஆனா கயிற்றை இழுக்க வா எண்டால், நான் வரமாட்டன்."

ஹோர்சன்ஸில் வந்த மருமகன்

நடனங்கள் நீண்டு, தீர்ப்புக்கு நேரமில்லை, சோறு ஆறிக்கொண்டிருந்தது. வழக்கம்போல இரண்டு அணிக்கும் வெற்றி என்று சொல்லிப் பொன்னாடையை வாங்கிக்கொண்டேன். முன்வரிசையில் எங்கள் தமிழ்க் குடும்பமொன்றின் டெனிஷ் மருமகன். மனைவி மொழிபெயர்க்க மொழிபெயர்க்க முகம் சுருங்கினான். அவன் கேட்டதை அவள் கூச்சத்தோடு எனக்குச் சொன்னாள்: "ரெண்டு பக்கத்துக்கும் வெற்றியெண்டால், அந்தக் கைதி உயிரோட இருக்கிறானோ இல்லையோ எண்டு கேக்கிறார், அங்கிள்."

ஹேர்னிங்கில் மலர்

மலர் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். தூக்கு வேண்டும் என்று அருமையாகப் பேசினாள். இடைவேளையில் மேடைக்குப் பின்னால் வந்து நின்றாள். "அண்ணை, ஒரு சண்டையில ஆள் செத்து, என்ர தம்பிக்கு ஊரில தூக்குத் தீர்ப்பு. இங்க ஒருத்தருக்கும் தெரியாது. சீட்டுக் குலுக்கினதில எனக்கு இந்தப் பக்கம் விழுந்திட்டுது. மாட்டன் எண்டால் ஏனெண்டு கேப்பினம். இப்ப ஆரோ ஊரில இருக்கிற அம்மாவுக்கு நேரலை லிங்க் அனுப்பி, அவ பாத்துக்கொண்டிருக்கிறா."

தீர்ப்புச் சொல்ல மேடைக்குப் போய், கமராவைப் பார்த்து, எந்த அரசும் யாரையும் தூக்கில் போடக்கூடாது, ஒழிக்கவேண்டும் அணிக்கே வெற்றி என்று சொன்னேன். பாதி மண்டபம் முணுமுணுத்தது. விழாக்குழு பொன்னாடையை எறியாத குறையாகப் போர்த்தியது. தோற்ற மலர்தான் முதலில் கைதட்டினாள். அடுத்த நாள் போன் எடுத்தாள்: "அம்மா கேக்கிறா அண்ணை, அந்த நடுவர் கொழும்பில பெரிய ஆளோ எண்டு."

ஒரு பொன்னாடைக்கும் ஒரு சோற்றுப் பார்சலுக்கும் தீர்ப்புச் சொல்கிற நான், பெரிய ஆளாக இருந்திருக்கக்கூடாதா என்று ஏங்கியது அன்றைக்குத்தான்.