தொட்டித் தண்ணீர் முதலில் எனக்குச் சொல்லட்டும்

கடல் மீன் தொட்டி வேண்டும் என்று நான் கேட்டபோது வீட்டில் யாரும் முடியாது என்று சொல்லவில்லை. சிரித்தார்கள். முடியாது என்றே சொல்லியிருக்கலாம்.

அந்த ஆசை கண் ஆஸ்பத்திரியில் வந்தது. வலது கண்ணில் புரை எடுத்து, கட்டுப் பிரித்து, வெளியே கூடத்தில் உட்கார வைத்தார்கள். எதிரே ஒரு கண்ணாடித் தொட்டி. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள் என் முகத்துக்கு நேரே வந்து நின்றன. நீலம் இவ்வளவு நீலமாக இருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. கடலில் வாழ்கிற மீன், உப்புத் தண்ணீர்தான் வேண்டும் என்றாள் நர்ஸ். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

"தங்க மீன் வாங்கித் தரேன் மா. குழாய்த் தண்ணியிலயே கிடக்கும்" என்றான் என் பையன்.

"சும்மா கிடக்கறதுக்கு இந்த வீட்டுல நான் ஒருத்தி போதும்டா."

தொட்டி என் பணத்தில் வந்தது, என் அறையில் வைத்தேன். உப்பு கலந்தாயிற்று, கல்லும் மணலும் போட்டாயிற்று. மீன் மட்டும் இல்லை. புதுத் தொட்டியின் தண்ணீரில் முதலில் விஷம் ஏறுமாம், பிறகு தானாகவே இறங்குமாம். அது இறங்கிவிட்டதா என்று சோதித்துப் பார்த்த பிறகுதான் மீனை விடவேண்டும். சோதிக்கிற சாமான் வாங்க, தொம்மலூர்ச் சந்துக்குள் இருக்கும் மீன் கடைக்குப் பையனும் நானும் போனோம்.

கடைக்காரர் அவனைப் பார்த்துத்தான் பேசினார். என்னைப் பார்க்கவே இல்லை.

"சார், இது பெஸ்ட். தண்ணிக்குள்ள விட்டுட்டா போதும், எல்லாம் உங்க போனுக்கே வந்துடும். ஆபீஸ்ல உக்காந்தே பாக்கலாம். அஜ்ஜிக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

அஜ்ஜி என்றால் கன்னடத்தில் பாட்டி. பையனின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

போன வருஷம் என் கையில் அவன் ஒரு வாட்ச் கட்டிவிட்டான். நான் எவ்வளவு நடந்தேன், எப்போது தூங்கினேன், நெஞ்சு எப்படி அடிக்கிறது, எல்லாம் அவன் போனுக்குப் போகும். ஒருநாள் குளிக்கும்போது கழற்றி வைத்தேன். என் நாடி நின்றுவிட்டதாக அவன் போனில் காட்டியதாம். பக்கத்து வீட்டம்மாவுக்குப் போன் செய்துவிட்டான். அவள் வந்து குளியலறைக் கதவை உடைக்கிறவள் மாதிரி தட்டுகிறாள். "அம்மா, உயிரோட இருக்கீங்களா?" தலை நிறைய சீயக்காயோடு, "இருக்கேன், இன்னும் தலை அலசலை" என்று கத்தினேன். தெருவே சிரித்தது, போனில் அந்த அலாரத்தை அவனும் நிறுத்திவிட்டான். அதைக்கூட விட்டுவிடலாம். அந்த வாட்ச் வந்த நாளிலிருந்து அவன் மாலையில் என் அறைக்கு வருவதில்லை. எதற்கு வரவேண்டும்? எனக்கு முன்னாலேயே என் உடம்பைப் பற்றி அவனுக்குத் தெரிந்துவிடுகிறதே.

இப்போது என் தொட்டியும் அவனுக்கே சொல்லப் போகிறதா?

"வேற காட்டுப்பா" என்றேன்.

காகிதப் பட்டை ஒன்றைக் காட்டினார். தண்ணீரில் முக்கி எடுத்தால் நிறம் மாறும். கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பொடிப்பொடியாக இருந்தன. "அஜ்ஜிங்களுக்கு இதான் ஈஸி" என்றார்.

"அஜ்ஜின்னு இன்னொரு தடவை சொன்னா அடுத்த கடைக்குப் போயிடுவேன். தண்ணியில மருந்துச் சொட்டு விட்டுப் பாக்கிறது இருக்குமே, அதை எடு."

பையன் குறுக்கே விழுந்தான். "மா, அது மஞ்சளா பச்சையான்னு பாத்துச் சொல்லணும். உன் இடது கண்ணுல புரை இருக்கு. அதுல எல்லாமே மஞ்சள்தான்."

"வலது கண்ணு என்ன, அழகுக்கா வச்சிருக்கேன்?"

ஆஸ்பத்திரியில் செய்வதுபோல் இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். கடைக்காரர் வண்ண அட்டையை நீட்டி, விரலை இங்கும் அங்குமாக வைத்துக் கேட்டார். மஞ்சள், இளம்பச்சை, கரும்பச்சை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒரு இடத்தில் நானும் தடுமாறினேன். அவரும் அங்கே விரலை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

பெட்டியை வாங்கிப் பார்த்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அதுவும் தமிழ் மட்டும். எண்கள் நன்றாகத் தெரியும். மாத்திரை அட்டையில் பார்க்கிற மாதிரி தேதியைத் தேடினேன். முடிந்து போயிருந்தது. தேதியில் விரலை வைத்துத் திருப்பி நீட்டினேன். அவர் உள்ளே போய்ப் புதுப் பெட்டி கொண்டுவந்தார். விஷம் இரண்டு வகையாம், அதற்கு இரண்டு பெட்டி, அதோடு உப்பின் அளவு பார்க்க, பாலில் தண்ணீர் கலந்ததைப் பார்க்கிற கருவி மாதிரி மிதக்கிற கண்ணாடி ஒன்று. பவளம் வளர்க்கிறவர்களுக்கான மற்ற பாட்டில்களையும் தலையில் கட்டப் பார்த்தார். பவளம் வளர்க்கிறபோது வருகிறேன் என்றேன். எந்த பாட்டில் முதலில், எவ்வளவு குலுக்க வேண்டும், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று வாயால் சொல்லச் சொல்லி, நானும் திருப்பிச் சொல்லிக் காட்டினேன்.

வெளியே வந்ததும் பையன் சொன்னான். "சரி. தப்பாப் பாத்து மீனு செத்துச்சுன்னா, போன்ல வர்றதைத்தான் வாங்குவேன்."

"செத்துச்சுன்னா வாங்கு."

மறுநாளிலிருந்து சோதித்தேன். சொட்டு விட்ட சின்னக் கண்ணாடிக் குழாயில் நல்ல பச்சை. பச்சை என்றால் விஷம் இருக்கிறது, மஞ்சளானால்தான் இறங்கிவிட்டது. மதியம் ஆபீஸிலிருந்து போன் வரும். "என்னமா காட்டுது?"

"வந்து பாரு."

"சொல்லேன் மா."

"வந்து பாருடா."

சில நாள் முறைத்துக்கொண்டான். ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்துவிட்டான், செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல். என் கட்டிலில் உட்கார்ந்து, குழாயை விளக்குக்கு நேரே பிடித்தான். "மஞ்சள் மா! நாளைக்கே மீன் வாங்கிடலாம்."

எனக்கு மட்டும் ஆசை இல்லையா? அந்த இரண்டு மீன்களையும் நினைத்துக்கொண்டுதான் தினமும் எழுந்திருக்கிறேன். ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், மாற்றி மூடிப் பார்த்தேன். வலது கண்ணில் மட்டும் மஞ்சளுக்கு அடியில் ஒரு பச்சை ஓடிக்கொண்டே இருந்தது.

"இல்ல. இன்னும் இருக்கு."

"உனக்குக் கண்ணு..."

"விளக்குல பாக்காத. காலையில ஜன்னல்ல பாக்கலாம்."

காலையில் புதிதாகத் தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டு, ஜன்னலோரம் வெள்ளைக் காகிதத்தின்மேல் பிடித்தேன். இளம்பச்சை. அவன் நெடுநேரம் பார்த்தான். குழாயை என்னிடமே திருப்பித் தந்தான். பிறகு என் கையைப் பார்த்தான்.

"வாட்ச் எங்க?"

"ஆணியில."

"எப்பத்திலேர்ந்து?"

"உன் போன்ல பாத்துக்கோ."

சிரிப்பை அடக்கிக்கொண்டு குளிக்கப் போனான். வாட்ச் இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. மீன் இன்னும் வரவில்லை. நான் சொல்கிற அன்றைக்கு வரும். நேற்று மாலை வாசலிலிருந்தே கேட்டான். "இன்னிக்கு என்ன கலர் மா?"

"கை கழுவிட்டு உள்ள வா" என்றேன்.