ஊற்றிக் களைய வேண்டிய தண்ணீர்

மியூசியத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு சாயாக் கடை இருக்கிறது. காலை ஏழு மணிக்குப் போனால் உட்கார இடம் கிடைக்காது. மியூசியத்தைச் சுற்றி வேகவேகமாக நடந்துவிட்டு வரும் பெண்கள் எல்லா பெஞ்சையும் பிடித்திருப்பார்கள். புடவைக்குக் கீழே வெள்ளைக் கான்வாஸ் ஷூ. போன வாரம் என் பக்கத்தில் இருந்த அம்மாள் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "நான் சோறை விட்டாச்சு, கேட்டியா? ஒரு நேரம் மரச்சீனி மட்டும்தான். உடம்பு எவ்வளவு லேசாச்சு தெரியுமா?" தோழி அந்த உடம்பை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தெரியுது, தெரியுது" என்றாள்.

அப்போது வேகவைத்த மரச்சீனி, மரவள்ளிக் கிழங்கைத்தான் சொல்கிறேன், ஆவி பறக்க வந்தது. அந்த வாசனை மூக்கில் பட்டால் எழுந்து வெளியே போய்விடுவது என் வழக்கம். அன்றைக்கு முட்டுவலி. சட்டென்று எழ முடியவில்லை. உட்கார்ந்தபடியே பகவதி மைனியை நினைக்கும்படி ஆயிற்று.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பொன்முடி எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடை போட்டேன், தூத்துக்குடியில் உப்பு அள்ளினேன், எங்கேயும் ஒரு வருஷம் தங்கவில்லை. கடைசியில் தம்பானூர் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்க வந்தேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓட்டு வீடுகள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றில் நாஞ்சில் நாட்டுக்காரர் ஒருவர் குடியிருந்தார். சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக் கடையில் துணி கிழித்துக் கொடுக்கிற வேலை. அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். அவர் வீட்டு முன்னறையில் எனக்குப் பாய், அவர் வீட்டிலேயே சாப்பாடு. அவர் மனைவி பகவதி மைனி. இரண்டு பெண் குழந்தைகள். மூன்றாவது வயிற்றில், மூன்று மாதம்.

மூட்டை சுமக்கிறவன் பசி உங்களுக்குத் தெரியாது. மைனி சோற்றுச் சட்டியோடு வந்து நிற்பாள். "இன்னும் கொஞ்சம் போடட்டா கொழுந்தனாரே? வண்டி மாடு மாதிரி உழைக்கீங்க, புல்லாவது வேண்டாமா?" வேண்டாம் என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை. எல்லோரும் எழுந்த பிறகு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் அவள் உட்கார்வாள். சோறு வடித்த கஞ்சித் தண்ணீரும் சட்டியில் ஒட்டியதும் அவளுக்கு. அந்த ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், அதனால் அது யார் கண்ணிலும் படவில்லை. என் கண்ணிலும்.

மாதம் ஒரு தடவை ஒரு நர்ஸம்மா குடை பிடித்துக்கொண்டு வருவாள். கர்ப்பிணிகளைத் திண்டாட வைக்கிற குரல். பால், முட்டை, கீரை சாப்பிட வேண்டும், தினமும் இரண்டு நேரம் நடக்க வேண்டும் என்பாள்.

"நடக்கணுமா?" என்று மைனி சிரிப்பாள். "கிணத்தடிக்கும் அடுப்படிக்கும் நான் நடந்ததை நேரா நடந்திருந்தா இந்நேரம் காசியில இருப்பேன் நர்ஸம்மா."

"பரிகாசம் வேண்டாம். பால் இல்லையா, போகட்டும். சோறு வடிச்ச வெள்ளத்தையாவது களையாதே, கேட்டோ. சத்து முழுக்க அதிலாக்கும்."

சொன்னதோடு நிற்காமல் மலையாளத்தில் அச்சடித்த ஒரு காகிதத்தையும் கொடுத்துவிட்டுப் போனாள். மைனிக்குத் தமிழ் எழுத்து மட்டும் தெரியும். எழுத்துக் கூட்டி வாசித்துச் சொன்னது நான்தான். வடித்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். அந்த வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். இத்தனை நாள் தான் குடித்துவந்ததைக் காகிதத்திலேயே புகழ்ந்திருக்கிறார்கள் என்று அவளுக்குச் சந்தோஷம்.

பிறகு யுத்தம் பர்மா வரைக்கும் வந்து அங்கிருந்து வருகிற அரிசி நின்றுபோயிற்று. ரேஷன் அரிசி வாரத்தில் பாதி நாளுக்குக்கூடக் காணாது. ஊரே மரச்சீனி தின்றது. நாஞ்சில் நாட்டார் நெல்லில் பிறந்தவர்கள். அதைச் சமைப்பதை மைனி கண்டதேயில்லை. ஒருநாள் நான் விதுரைப் பக்கம் லாரியில் கூலிக்குப் போனபோது சந்தையில் ஒரு சாக்கு மரச்சீனி மலிவாகக் கிடைத்தது. விற்ற பெண் சொன்னாள்: "இது கட்டுள்ளதாக்கும், கேட்டோ. தின்னா தல கறங்கும். வேவிச்ச வெள்ளத்தை ரெண்டு பிராவசியம் ஊற்றிக் களையணும். வீட்டில் பெண்ணுங்ககிட்ட சொல்லு."

கட்டு என்றால் கிழங்கிலுள்ள விஷம்; தலையைச் சுற்றும், வேகவைத்த தண்ணீரை இரண்டு தடவை கொட்டிவிட வேண்டும். அது எனக்குத் தெரியும்.

மத்தியானம் சாக்கோடு வீட்டுக்கு வந்தேன். குழந்தைகள் குதித்தன. அண்ணாச்சி, "எலே, நீ ஆளுதாம்லே" என்று முதுகில் தட்டினார். நான் சொல்ல மறந்துவிட்டேன் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லி வருகிறேன். மறக்கவில்லை. அடுக்களை வாசலில் நின்று ஒரு பெண்பிள்ளைக்குத் தண்ணீர் வடிக்கச் சொல்லிக்கொடுப்பது எனக்குக் கேவலமாக இருந்தது. அது அவர்களுக்கே தெரியும் என்று விட்டுவிட்டேன்.

மைனி சோறு வடிக்கிற மாதிரியே வடித்தாள். கிழங்குத் துண்டுகள் எங்களுக்கு. வடித்த தண்ணீரை உப்புப் போட்டு ஆறவைத்து அவள் குடித்தாள். இரண்டாம் நாள் அவளுக்குத் தலை சுற்றல், வாந்தி. பிள்ளைத்தாய்ச்சிக்கு அது வழக்கம்தானே என்றார் அண்ணாச்சி. சாயங்காலம் நான் கை கழுவும்போது கொல்லைப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கொழுந்தனாரே, இந்தக் கஞ்சி கசக்கு, பாத்துக்கிடுங்க. கொமட்டிக்கிட்டு வருது. வயித்துப் பிள்ளைக்கு ஆகும்னுதான் கண்ண மூடிக்கிட்டுக் குடிக்கேன்."

அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் விளங்கியது. நேற்றே ஏன் சொல்லவில்லை என்று அண்ணாச்சி கேட்பாரே என்றும் விளங்கியது. நாளைக்கு யதேச்சையாகச் சொல்வதுபோலச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். "நல்லதுதான் மைனி" என்றேன். அதுதான் நான் சொன்னது.

மறுநாள் காலை ஷெட்டுக்கு ஆள் தேடி வந்தது. கிணற்றடியில் விழுந்து கிடந்தாளாம். நான் ஓடிப் போனபோது மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். யாரோ கூட்டி வந்த நர்ஸம்மா அடுக்களையில் மூடி வைத்த சட்டியை முகர்ந்துகொண்டிருந்தாள். "இதென்ன?" என்று கேட்டாள். மூத்த பெண் சொன்னாள்: "கஞ்சித் தண்ணி. அம்மைக்குள்ளது. நீங்கதானே களையக் கூடாதுன்னீங்க." நர்ஸம்மா சட்டியைக் கீழே வைத்தாள். தப்பைத் தன் தலையில் எடுத்துக்கொண்டாள் என்று அவள் முகத்தில் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போதே பிள்ளை இல்லை. பொழுது சாய்வதற்குள் மைனியும் போனாள். பதினாறு முடிந்து அண்ணாச்சி குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "பட்டினி காலத்துல நீ ஒருத்தன்தாம்லே எங்களுக்குக் கிழங்கு கொண்டுவந்தே" என்று அழுதார். அடுத்த வாரம் நானும் கிளம்பினேன். அந்த நர்ஸம்மா அதன்பிறகு அந்தத் தெருவுக்கு வரவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அந்த ஓட்டு வீடுகள் இப்போது இல்லை. கிணறு இருந்த இடத்தின் மேல் லாட்ஜ் நிற்கிறது. இரண்டு தடவை அதில் தங்கினேன். தூக்கம் நன்றாகத்தான் வந்தது. எனக்கு எங்கேயும் தூக்கம் வரும்.

சாயாக் கடையில் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "மரச்சீனி கட்டுள்ளதா?" என்று கேட்டேன். அவருக்கு நாற்பது வயதிருக்கும். "கட்டா? அதென்ன சாரே?" என்றார். விளக்கிச் சொன்னேன். அந்த மாதிரிக் கிழங்கே இப்போது டவுனுக்கு வருவதில்லையாம். வருகிறதெல்லாம் நல்ல இனிப்பு.

"அப்படிக் கிடைத்தால், வேகவைத்த தண்ணீரை இரண்டு தடவை ஊற்றிக் களைய வேண்டும்" என்றேன்.

ஷூ போட்ட அம்மாள் திரும்பி என்னைப் பார்த்தாள். பரிமாறுகிறவர் சிரித்துக்கொண்டே என் கிளாஸை எடுத்தார்.

"இதை எங்கிட்ட சொல்லி என்ன சாரே? அடுக்களையில இல்லியா சொல்லணும்?"