தேனீச் சிநேகிதம்

பெட்டி வாசலில் கிடந்த தேனீயை விரல்நுனியால் எடுத்து, லிண்டன் மரத்தடியில் சின்னக் குழி தோண்டி, உள்ளே வைத்து மண்ணைத் தள்ளினார் ஜெனோனாஸ். “இன்னொண்ணு செத்துப்போச்சா?” என்றேன் வேலிக்கு இப்பால் நின்று.

நிமிர்ந்து முறைத்தார். “மாடு சாகும், நாய் சாகும். இவங்க காலமாவாங்க. லித்துவேனியாவுல பொறந்துட்டு இதுகூடத் தெரியலியா உனக்கு?”

அவருக்கு மரம் அறுக்கும் ஆலையில் வேலை. வாள் இரைச்சலில் பாதிக் காது போய்விட்டதால் ஊரே கேட்கக் கத்திப் பேசுவார். தேனீக்களிடம் மட்டும் கிசுகிசுப்பார். பெட்டிகளுக்கு அருகில் யாராவது வைதால், “வாயை மூடு, ஆஸ்தேயா காதுல விழும்” என்பார். ஆஸ்தேயா தேனீக்களின் தெய்வம். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்கும் போவார். “பாதிரியார் ஒண்ணும் சொல்லலியா?” என்று ஒருமுறை கேட்டேன். “அவரும் தேனீ வளர்க்கிறவர்தானே, என்ன சொல்வார்?”

எதிர்வீட்டு ரபோலாஸும் இவரும் ஒருகாலத்தில் கிணற்றுப் பாதைக்காக அடித்துக்கொண்டவர்கள். ஒரு கோடையில் இவருடைய தேனீக்கூட்டம் பிரிந்து பறந்து ரபோலாஸின் ஆப்பிள் மரத்தில் போய் அடைந்தது. அப்படி அடைந்தால் திருப்பிக் கேட்கக்கூடாது, விற்கவும் கூடாது என்பது ஊர் வழக்கம். இரண்டு வீடும் அன்றுமுதல் உறவு. “ஆஸ்தேயாவே முடிச்சுப் போட்டுட்டாளே, நான் என்ன பண்றது?” என்று முனகிக்கொண்டே ரொட்டியோடு எதிர்வீட்டுப் படியேறினார்.

அதற்குப் பிறகு பிரிக்க முடியவில்லை. தேன் எடுக்கும் நாளில் முதல் கோப்பைத் தேன்மதுவைத் தெய்வத்துக்கென்று உட்கூரையை நோக்கி ரபோலாஸ் வீசுவார். அது சொட்டுவதெல்லாம் ஜெனோனாஸின் வழுக்கையில். “வேணும்னே பண்றான்!” என்று இவர் கத்துவார். அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார்.

மகளோடு இருக்க ரபோலாஸ் நார்வேக்குப் போன பிறகு, அவருடைய பெட்டிகளையும் இவரே பார்த்துவந்தார். இந்த வருடம் தேன்மதுவைத் தானே வீசிப் பார்த்தார். பிறகு மேசையைத் துடைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

நேற்று ரபோலாஸின் தோட்டத்தில் பெட்டிகளைத் திறந்துகொண்டிருந்தோம். ரபோலாஸிடமிருந்து போன் வந்தது, ஜெனோனாஸ் ஒலிபெருக்கியில் போட்டார்.

“டேய் ஜெனோனாஸ், நான் இனிமே வர்ற மாதிரி இல்லடா. வீட்டைக்கூடப் பேசி முடிச்சாச்சு. பெட்டிங்களையும் யாருக்காவது வித்துடு.”

“கேக்கல.”

“பெட்டிங்களை வித்துடுடா!”

எனக்கே தெளிவாகக் கேட்டது. “கேக்கலடா” என்றார் மறுபடி. குரல் இறங்கியிருந்தது.

பிறகு மண்டியிட்டு, போனை ரபோலாஸின் பெட்டி வாசலோடு சேர்த்துப் பிடித்தார். உள்ளே தேனீக்கள் இரைந்துகொண்டிருந்தன. அந்தப் பக்கம் ரபோலாஸ் போனை வைக்கவில்லை. ஜெனோனாஸின் விரல்கள்மேல் தேனீக்கள் ஒவ்வொன்றாக ஏறின. அவர் கையை எடுக்கவில்லை.