வண்டி கேட்கப் போன இடத்தில்

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஐந்து பேரைப் பெற்றேன், ஐந்து பேரையும் ஆளாக்கினேன். மூன்றாவது பெண்ணுக்குக் குழந்தையிலேயே போலியோவில் கால்கள் சூம்பிவிட்டன. கையை ஊன்றித்தான் நகர்வாள்.

அவளுடைய தங்கைக்குக் கல்யாணம் ஆன வருஷம் அவள் பேச்சை நிறுத்தினாள். வைத்த சோறு தட்டிலேயே காயும். நான் கொல்லைக் கிணற்றைப் பலகை போட்டு மூடினேன். கேட்டவர்களிடம் காக்கை எச்சம் விழுகிறது என்றேன். மூன்று சக்கர வண்டி ஒன்று கிடைத்தால் சரியாகிவிடுவாள் என்று நினைத்தேன்.

பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஊனமுற்றோர் முகாம் போட்டார்கள். வண்டிக்குப் பெயர் கொடுக்கும் மேசைக்கு முன்னால் இன்னொரு மேசை இருந்தது. அங்கே ஒரு டாக்டரம்மா, தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, அழுகை வருகிறதா என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தார். நிறைய அழுதால்தான் வண்டி என்று வரிசையே முடிவு கட்டிவிட்டது. பாடி தொழிற்சாலையில் மெஷினில் கை போன ஓர் ஆள், அவருக்கு வண்டியே வேண்டாம், அவரும் அழுதார்.

பின்னால் இருந்தவள் என் பெண்ணிடம், "நல்லா அழு கண்ணு. சும்மா குந்திகினு இருந்தா வண்டி வேற ஊட்டுக்குப் பூடும்" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் அந்த வழக்கம் இல்லை. டாக்டரம்மா கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன். எந்த முகாமிலும் நான்தான் சொல்வேன்.

"நல்லா தூங்குது, நல்லா துன்னுது. ஒரு கொறையும் இல்ல."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்கம்மா. அவங்க சொல்லட்டும்" என்று டாக்டரம்மா அவளைப் பார்த்துத் திரும்பினார். "செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணுதாம்மா?"

எனக்குக் கோபம் வந்தது. "இன்னா கேள்விம்மா இது? இல்லாத நெனப்ப நீயே சொல்லிக் குடுப்ப போலகீதே!"

"தெனமும் தோணுது" என்றாள் என் பெண், பஸ் நம்பர் சொல்வதுபோல.

"வீட்ல யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரும் கேக்கல."



வண்டி அன்றைக்குக் கிடைக்கவில்லை. டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்து, வாராவாரம் தன் ஆஸ்பத்திரிக்கு வந்து பேசச் சொன்னார். அவளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். கண்டக்டர் திட்டுவார், நானும் திட்டுவேன். அவள் உள்ளே பேசுவாள், நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். என்ன பேசினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சில மாசம் கழித்து, திரும்பும் வழியில், "பசிக்குதும்மா, பஜ்ஜி வாங்கு" என்றாள். வாங்கினேன். எனக்கு ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.

இதை நானே எழுத்துக் கூட்டி எழுதினேன். அவள் பெற்ற என் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

"சத்தமா படிடீ. உங்கம்மா உள்ளதான் கீறா. தப்பா இருந்தா அவளே சொல்லட்டும்."