எங்கடை பஸ், அவையின்ரை றோட்டு

செய்தி வந்த காலையில் நான் உடுப்பிட்டியில், மாமா வீட்டு முன்னறையில் இருந்தேன். மச்சாள் பக்கத்து மேசையில் அச்சுவேலிச் சந்திக் கடைகளுக்கு நிறம் போட்டுக்கொண்டிருந்தாள். நிஜக் கடைகளுக்கு அல்ல. நாங்கள் இருவரும் சில ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்த கணினி விளையாட்டில் வருகிற கடைகளுக்கு.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு மினி பஸ் ஓட்டுவதுதான் விளையாட்டு. சனத்தை ஏற்றி இறக்கவேண்டும், பின்னால் வரும் போட்டிப் பஸ்ஸை முந்த விடக்கூடாது, வல்லை வெளிக்கு வந்தால் பக்கவாட்டில் அடிக்கும் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். கணக்கும் கட்டளைகளும் என் வேலை. தினமும் கோப்பாயில் என் வீட்டிலிருந்து உண்மையான பஸ்ஸில் மாமா வீட்டுக்குப் போவேன். வரைவதெல்லாம் மச்சாள்.

அவளுடைய தகப்பன், என் தாய்மாமன், அந்த றோட்டில் மினி பஸ் ஓட்டியவர். சலரோகம், அதுதான் சர்க்கரை வியாதி, ஒரு காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. பஸ்ஸை விற்ற பிறகு அவர் வீட்டுக்குள் அதிகம் பேசாதவராகிவிட்டார். எங்கள் விளையாட்டை முதலில் அவர் திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் மத்தியானம், நாங்கள் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, கணினிக்கு முன்னால் உட்கார்ந்து பஸ்ஸை நீர்வேலி வாழைத்தோட்டத்துக்குள் விட்டிருந்தார்.

"பிறேக் பிடிக்கேக்கை சனம் முன்னுக்குச் சாயவேணும்," என்றார் திரும்பிப் பாராமலே. "உதுகள் மரக்கட்டை மாதிரி நிக்குதுகள்."

அடுத்த கிழமையே சனத்தைச் சாய வைத்தோம். அதன்பின் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கணினி அவருடையது. கை மட்டும் போதுமே ஓட்டுவதற்கு. வழியில் குறுக்கே வரும் சைக்கிள்காரருக்கு அவர் வாய்விட்டுப் பேசும் பேச்சைக் கேட்டு மாமி குசினிக்குள் பாத்திரம் கழுவியபடியே சிரிப்பார்.

அந்தக் காலையில், விளையாட்டுச் செய்கிற மென்பொருளைத் திறந்தபோது வழக்கமான முகப்புக்குப் பதிலாக ஓர் அறிவிப்பு நின்றது. இத்தகைய மென்பொருளை கேம் எஞ்சின் என்பார்கள். நாங்கள் பாவித்தது வெளிநாட்டுச் சிறிய கம்பனி ஒன்றின் எஞ்சின். எங்கள் பழைய கணினியில் ஓடக்கூடியதாக அது ஒன்றுதான் இருந்தது. இணைய இணைப்பு இருந்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது கம்பனியின் கணினியோடு தொடர்புகொண்டு, எங்களை யாரென்று உறுதிப்படுத்திய பின்தான் உள்ளே விடும், ஓடும்போதும் இடைக்கிடை சரிபார்க்கும். கம்பனி மூடப்படுகிறது, அடுத்த மாத முடிவோடு அந்தத் தொடர்பும் நிற்கும், இத்தனை காலமும் கூட வந்ததற்கு நன்றி என்று அறிவிப்பில் எழுதியிருந்தது.

மச்சாள் எழுந்து வந்து என் தோளுக்கு மேலால் வாசித்தாள். "நிற்கும் எண்டால்? திறக்க ஏலாதோ?"

"ஏலாது போலைதான் கிடக்கு."

"அப்ப எங்கடை கேம்?"

நான் எஞ்சினைப் பாவிப்பவர்கள் கூடுகிற இணைய மன்றத்தைத் திறந்தேன். அங்கே ஒரு செத்தவீடே நடந்துகொண்டிருந்தது. உலகின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். சிலர் திட்டினார்கள். சிலர் பகிடி விட்டார்கள், ஆனால் அந்தப் பகிடிக்கு யாரும் சிரிக்கவில்லை. தனியே பிள்ளைகளை வளர்த்தபடி ஒரு விளையாட்டைச் செய்துவந்த பெண், வெளியிடுவதற்கு நாள் குறித்துவிட்டதாக எழுதியிருந்தாள். அதற்குக் கீழே எவரும் ஆறுதல்கூடச் சொல்லவில்லை. நான் எத்தனையோ முறை சந்தேகம் கேட்டு, முகம் தெரியாமலே எனக்கு வழிகாட்டிய ஒரு மனிதர் "என்னால் இனி முதலிலிருந்து தொடங்க முடியாது, எனக்கு வயது போய்விட்டது" என்று மட்டும் போட்டிருந்தார். அதன்பின் அவர் அங்கே எழுதவே இல்லை.

எஞ்சினின் மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிடுங்கள், நாங்களே வைத்துக் காப்பாற்றுகிறோம் என்று எல்லோருமாகக் கம்பனியிடம் கெஞ்சினோம். நானும் கையெழுத்துப் போட்டேன். பதில் எழுதியவர் கம்பனியில் வேலை செய்தவர். அவருக்கும் அன்றைக்கே வேலை போய்விட்டதாம். நிரல் இப்போது கடன் கொடுத்தவர்களின் சொத்து, அதில் கைவைக்க எங்களுக்கே அனுமதி இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். அவரைத் திட்ட வந்தவர்களும் அதோடு அடங்கிப்போனார்கள்.

மாமாவுக்குச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. அவர் கதிரையை மேசையோடு இழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"எஞ்சின் போனா வேறை எஞ்சின் இறக்கிறதுதானே? நான் என்ரை பஸ்ஸுக்கு எத்தினைதரம் இறக்கினனான்."

"இது உந்த எஞ்சின் மாதிரி இல்லை மாமா. றோட்டும் அதுக்குள்ளைதான் இருக்கு."

"கம்பனி பூட்டினா பூட்டட்டும். பஸ் எங்கடைதானே?"

"பஸ் எங்கடைதான். றோட்டு அவையின்ரை."

அவர் என்னையே பார்த்தார். "அவையின்ரை றோட்டிலை ஏன் பிள்ளை ஓடினனீங்கள்?"

வேறொரு இலவச எஞ்சினுக்கு விளையாட்டை மாற்றப் பார்த்தோம். மச்சாளின் உருவங்கள் வந்தன. நான் எழுதிய கட்டளைகள் வரவில்லை. அவை பழைய எஞ்சினின் மொழியில் இருந்தன. அந்த மொழியை இனி உலகத்தில் எந்தக் கணினியும் கேட்கப்போவதில்லை. றோட்டு துண்டு துண்டாக வந்து விழுந்தது. வல்லைப் பாலம் அந்தரத்தில் நின்றது. பஸ்ஸை ஓடவிட்டால் அது பக்கவாட்டில் நண்டுபோல நகர்ந்து நிலத்துக்குள் புதைந்தது. முதல் தடவை இருவரும் சிரித்தோம். பிறகு சிரிக்க முடியவில்லை. இடையில் கரண்ட் போனால், அது வரும்வரை இருண்ட திரையைப் பார்த்தபடி இருந்தோம். எழுந்து போகவும் மனம் வரவில்லை.

மன்றத்தில் ஒருவர் ஒரு வழி சொன்னார்: கணினியை இணையத்திலிருந்து முற்றாக அறுத்துவிட்டால், கம்பனி மூடினாலும் அதற்குத் தெரியாது, கடைசியாக உறுதிப்படுத்தியதை நம்பித் தொடர்ந்து ஓடும். நூற்றுக்கணக்கானோர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நாங்களும் அறுத்தோம். சில நாட்கள் ஓடியது. மச்சாள் சாமிப்படத்துக்கு விளக்கு வைத்துவிட்டு வந்து கணினியைத் திறந்தாள். பிறகு ஒரு காலை, இணைய இணைப்பு இல்லை, உங்களை உறுதிப்படுத்துங்கள் என்று கேட்டது. வழி சொன்னவருக்கும் அதுவே நடந்திருந்தது.

அன்று மச்சாள் கத்தினாள்.

"இனி என்னாலை ஏலாது! கொழும்பிலை வேலை கிடக்கெண்டு கூப்பிட்டவங்கள். நான் போறன்."

"பாதியிலை விட்டிட்டோ?"

"பாதி எங்கை இருக்கு? காட்டு பாப்பம்!"

மாமி இடையில் வந்து, படிச்ச உடனேயே அரசாங்க வேலைக்குப் போகச் சொன்னதை நினைவூட்டினார். மச்சாள் கிணற்றடிக்குப் போய்விட்டாள். வாளி விழும் சத்தம் கேட்டது. நெடுநேரம் அவள் தண்ணீர் அள்ளவில்லை.

கடைசி நாளில் இணையத்தை மறுபடி கொடுத்து எஞ்சினைத் திறந்தோம். மன்றத்தில் ஆளாளுக்குத் தங்கள் விளையாட்டின் படங்களைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளிவராத காடுகள், வீடுகள், யாரும் ஏறிப் பார்க்காத மாடிகள். நானும் எங்கள் பஸ்ஸின் படமொன்றைப் போட்டேன். "அழகு" என்று யாரோ எழுதினார்கள். மேலும் படங்கள் வந்து அதைக் கீழே தள்ளிவிட்டன.

மத்தியானம் மாமா வந்து உட்கார்ந்தார். இதுதான் கடைசி ஓட்டம் என்று அவருக்குத் தெரியும். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து வெளிக்கிட்டவர் எங்குமே நிறுத்தவில்லை. கோப்பாய்ச் சந்தியில் கைகாட்டி நின்ற பெண்ணை விட்டுவிட்டுப் போனார். வெங்காய மூட்டையோடு நின்ற மனிதரை விட்டுவிட்டுப் போனார். ஒரு சனத்தைத் தவறவிட்டாலும் கொண்டக்டரைக் கிழிகிழியென்று கிழித்தவர் அவர்.

"அப்பா, சனம் நிக்குது," என்றாள் மச்சாள்.

"நிக்கட்டும். ஏத்தி எங்கை கொண்டுபோய் இறக்கிறது?"

வல்லை வெளியில் ஓடிக்கொண்டிருக்கும்போது திரை உறைந்தது. பிறகு நடுவில் சிறிய பெட்டியொன்று தோன்றி, தொடர்பு கிடைக்கவில்லை என்றது. மாமா விசைப்பலகையின் சாவியை அழுத்திக்கொண்டே இருந்தார். நான் அவருடைய கையைப் பிடித்து எடுத்தேன். சில்லென்று இருந்தது. மாமி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அதை யாரும் குடிக்கவில்லை.

மன்றமும் அன்றே போய்விட்டது. அங்கே எனக்குத் தெரிந்தவர்களின் உண்மைப் பெயர்கூடத் தெரியாது. இனி அவர்களைத் தேட வழியில்லை. ஒரு ஊரே எழும்பிப் போனதுபோல இருந்தது. அப்படி ஒரு ஊர் இருந்ததை நான் யாருக்கும் விளங்கப்படுத்த முடியாது.

மச்சாள் கொழும்புக்குப் போனாள். வங்கி ஒன்றுக்கு மென்பொருள் செய்யும் இடத்தில் வேலை. நான் கோப்பாயில் இருந்தபடி புதிய எஞ்சினைப் படிக்கத் தொடங்கினேன். படித்தேன் என்பதைவிட, திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன் என்பது சரி. மாமா முன்னைப்போல வாய் திறக்காதவராகிவிட்டார் என்று மாமி சொன்னார். நான் உடுப்பிட்டிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்க்க என்னால் ஏலவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு மச்சாளுக்கு அழைப்பெடுத்து, அவள் வரைந்தவற்றின் மூலக்கோப்புகளைக் கேட்டேன். என்னிடம் இருந்தவை அரைகுறை. எப்படியாவது ஒரு சந்தியையாவது கட்டிப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன்.

அவளுக்குப் பின்னால் அலுவலகத்துச் சாப்பாட்டு நேரச் சத்தம் கேட்டது. யாரோ சிங்களத்தில் அவளைக் கூப்பிட்டார்கள்.

"எல்லாம் அழிச்சுப்போட்டன்," என்றாள். "இஞ்சை வந்த முதல் கிழமையே. அதைப் பாக்கப் பாக்க எனக்கு வேலை செய்ய ஏலாமல் கிடந்தது."

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "சாப்பிட்டியோ?" என்று கேட்டேன்.

"இல்லை. நீ?"

"இல்லை."

அவள் அழத் தொடங்கினாள். நான் தொலைபேசியை வைக்காமல், கேட்டுக்கொண்டிருந்தேன்.