தை மாதத்தில் நின்ற பூமி

நம்முடைய பால்வீதியை வெளியே நின்று படம் எடுத்தவர் எவரும் இல்லை. புத்தகத்திலும் காலண்டரிலும் வருகிற அந்த அழகான சுருள், ஓவியர் வரைந்தது. இது தெரிய வந்த அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை வருடம் காதில் பூச்சுற்றியிருக்கிறார்கள்!

அப்போது நான் எதையும் நம்புகிற நிலையில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் கணவருக்கு ஜொகூரில் இன்னொரு குடும்பம் இருந்தது. சொந்தக்காரர்கள், அக்கம்பக்கம், கோயிலில் பார்த்துச் சிரிப்பவர்கள் என எல்லாருக்கும் அது தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. என் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, முகத்துக்கு நேராக அதைச் சொன்னவள் ஒருத்திதான். என் பள்ளித் தோழி. ஊரே வாயை மூடிக்கொண்டிருந்தபோது அவள் ஒருத்தி உண்மையைச் சொன்னாள் என்பதால், அதற்குப் பிறகு அவள் வார்த்தைக்கு நான் மறுபேச்சுப் பேசியதில்லை.

கணவர் ஜொகூருக்கே போய்விட்ட பிறகு மலாக்காவில், குருபோங்கில் ஒரு ஃபிளாட்டுக்குக் குடிமாறினேன். பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, மற்ற நேரமெல்லாம் சுவர். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காமல்தான், வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு வீட்டின் வடிவத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன். பால்வீதியின் சுருள் கரங்களில் ஹைட்ரஜன் வாயு நிறைந்திருக்கிறது. அது மெல்லிய வானொலி அலை ஒன்றை ஓயாமல் அனுப்புகிறது. வாயு நம்மை நோக்கி வந்தால் அலையின் அதிர்வெண் சற்றுக் கூடும். விலகிப் போனால் குறையும். ஒரே திசையில் பார்த்தாலும் ஒவ்வொரு கரமும் ஒவ்வொரு வேகத்தில் சுற்றுவதால், வரைகோட்டில் தனித்தனி மேடாக எழும்பும். இப்படித் திசை திசையாக அளந்து, புள்ளி புள்ளியாக வைத்து, வரைபடம் போடலாம். மேகம், மழை, பட்டப்பகல் எதுவும் இந்த அலைக்குத் தடையில்லை. உலோகத் தகடு மட்டும்தான் அதை மறிக்கும். பாதி நாள் மூடிக் கிடக்கும் மலாக்கா வானத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தோழியும் நானும் டவுனில் ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் போனோம். கூரைக்கு அடியில் வெப்பத்தைத் தடுக்கப் போடுகிற, வெள்ளித் தாள் ஒட்டிய அட்டை வேண்டும் என்றோம். கடைக்கார மாமாவின் குடும்பம் தலைமுறைகளுக்கு முன்பே இராமநாதபுரம் பக்கமிருந்து வந்தது.

"கூரை ரொம்ப சூடாகுதாம்மா?"

"இல்ல மாமா, பால்வீதிய அளக்கப் போறோம்."

"அளந்துட்டு மிச்சம் இருந்தா திருப்பிக் கொண்டாந்துருங்க" என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

அந்த அட்டையை மடக்கி அகன்ற புனல் போல இரண்டு செய்தோம். அடியில் காலி எண்ணெய் டின், அதற்குள் ஒரு கம்பி, அங்கிருந்து சின்ன வானொலி ஏற்பி வழியாக மடிக்கணினிக்கு ஒரு வயர். என் பால்கனி வடக்கைப் பார்த்தது, அதனால் வட வானத்துத் திசைகள் எனக்கு. கரங்கள் நெருக்கமாக இருக்கும் உட்பகுதி தெற்கே உயரும். புக்கிட் பெருவாங்கில் அவள் வீட்டின் பின்பக்கம் திறந்தவெளி, ஆகவே அது அவளுக்கு.

தை மாதம் தொடங்கி வாரம் தவறாமல் அவளிடமிருந்து எண்கள் வந்தன. ஞாயிற்றுக்கிழமை பசியாறும்போது தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் வரைபடத்தை விரித்துப் பார்ப்போம். அவள் வீட்டுக்கு வருகிறேன் என்று நான் சொல்லும்போதெல்லாம், "நீ ஏன் டிரைவ் பண்ணிக்கிட்டு? நானே வந்து ஏத்திக்கிறேன் லா" என்பாள். என்மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொள்வேன். நல்ல ஆள் நான்.

தீபாவளிக்கு முன்பு ஆயர் குரோவில் ஒரு மண்டபத்தில் அறிவியல் கண்காட்சி என்றார்கள். எங்கள் இருவருக்கும் ஒரு மேசை கிடைத்தது. கடைசித் திருத்தத்துக்கு உட்கார்ந்தேன். பூமி சூரியனைச் சுற்றுகிறது அல்லவா? சில மாதம் நாமே அந்த வாயுவை நோக்கி ஓடுகிறோம், சில மாதம் விலகி ஓடுகிறோம். ஆகவே ஒரே திசையைப் பங்குனியில் அளந்தால் ஓர் எண் வரும், புரட்டாசியில் அளந்தால் வேறு எண் வரும். பூமியின் ஓட்டத்தைக் கழித்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். இந்தக் கணக்கை நானே போட்டுக்கொள்ளலாம் என்று அவளுக்கு விளக்காமல் விட்டிருந்தேன்.

என் எண்கள் கழித்ததும் ஒன்று சேர்ந்தன. அவள் எண்கள் கழிப்பதற்கு முன்பே ஒன்றாக இருந்தன, கழித்ததும் பிரிந்தன. பிழை என்னுடையதுதான் என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பங்குனி எண்ணும் புரட்டாசி எண்ணும் தை மாத எண்ணேதான். கடைசி இலக்கம் மட்டும் அங்கங்கே மாறியிருந்தது. அவளுடைய பூமி தை மாதத்திலேயே நின்றுவிட்டிருந்தது.

சொல்லாமல் கொள்ளாமல் புக்கிட் பெருவாங்கில் அவள் வீட்டுக்குப் போனேன். பின்பக்கம் வானமே இல்லை. சுவருக்குச் சுவர் தகரக் கூரை போட்டிருந்தார்கள். அதன் அடியில் துணி காய்ந்தது. என் புனலின் ஜோடி வாஷிங் மெஷினுக்குப் பின்னால் மடிந்து கிடந்தது. எண்ணெய் டின்னில் கற்பூரவள்ளி நட்டிருந்தாள்.

"எப்பலேருந்து?" என்று அவளைக் கேட்டேன்.

"மாசி மாசம். எங்க வீட்டுக்காரரு திடீர்னு கூரை போட ஆளக் கூட்டிட்டு வந்துட்டாரு. நான் என்ன பண்றது லா?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

அவள் அழ ஆரம்பித்தாள். "உன் புருஷன் விஷயத்த நான்தானே வந்து சொன்னேன். அதுக்கப்புறம் சோறு தண்ணி இல்லாம கெடந்தே. பக்கத்துல இருந்து பாத்தவ நான். இன்னொரு தடவ உங்கிட்ட கெட்ட சேதி சொல்ல எனக்குத் தெம்பு இல்லடி. நம்பர் அனுப்பினா நீ சந்தோஷமா இருந்தே."

கணவர் தன் வசதிக்காகப் பொய் சொன்னார். அவரை வெறுப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. இவள் எனக்காகப் பொய் சொன்னாளாம். எதை என்னால் தாங்க முடியும், எதைத் தாங்க முடியாது என்று என்னைக் கேட்காமலேயே முடிவு செய்திருக்கிறாள். ஞாயிறுதோறும் நான் புள்ளிகளைக் காட்டிக் காட்டிப் பூரித்ததை, எதிரில் உட்கார்ந்து, தோசையைப் பிட்டுக்கொண்டே பார்த்திருக்கிறாள்.

"தை மாசத்துலயாவது நெசமா அளந்தியா?"

"சத்தியமா."

அதை நான் எப்படி நம்புவது? அன்று வீட்டுக்கு வந்து அவளுடைய புள்ளிகளை ஒன்று விடாமல் அழித்தேன். பாதிப் பால்வீதி வெள்ளையாகிவிட்டது.

கண்காட்சியில் அந்தப் பாதி வரைபடத்தைத்தான் மாட்டினேன். வருகிறவர்களிடமெல்லாம், வெயிலோ மழையோ இந்த அலை வந்துகொண்டேதான் இருக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு மேல் அவள் வந்தாள், கையில் கறிபாப் பலகாரப் பொட்டலத்துடன். மேசைக்குப் பின்னால் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஹார்ட்வேர் கடை மாமா வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரைபடத்தை நன்றாகப் பார்த்தார்.

"இந்தப் பாதிய எங்கம்மா காணோம்? அட்டை பத்தலையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "இந்த வருஷம் ஒரே மழை மாமா. ஒண்ணுமே தெரியல."

பழைய நாட்களில் எனக்காகப் பேசிய அதே கனிவான குரல். இப்போதும் என்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பாள்.

"மழை இத மறைக்காது மாமா" என்றேன். "கூரைதான் மறைக்கும்."

மாமா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். அவள் கறிபாப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள். சாயங்காலம் மேசையைக் காலி செய்யும்போது அதை யாருக்குக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.